கூந்தன்குளம் போய் வந்தோம், சம்பந்தி

என் பிரியத்துக்குரிய கண்டக்டர் சம்பந்திக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் மூன்று வாரமும் ஆகிவிட்டது. வருஷ நினைவுக்குப் பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர் எழுதலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சம்பந்தியம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். இதை அச்சடித்து ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். உங்கள் மகள் கோமதியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து வராது, உங்களுக்குத் தெரியும். பேண்டேஜ் துணி நெய்கிறவன் நான். பண்டல் மேல் ஊர்ப்பேர் எழுதிப் பழகிய கை இது. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுப்பாக இருக்கிறது, சம்பந்தி. முழங்கால் வலியைச் சொல்லவில்லை, அது பழைய வலி. இது கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த அலுப்பு. உங்கள் மகளும் என் மகன் பாலாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நிற்கிறார்கள். உங்கள் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த கோமதி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாலு மாதம் கழித்து விவாகரத்து கேட்டு மனுப் போட்டாள். சேர்ந்து வாழ வேண்டும் என்று பாலா பதில் மனுப் போட்டான். 'குழந்தை இல்லாததும் நல்லதாப் போச்சு' என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். அதில் என்ன நல்லது இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாலாவின் பதில் மனுவில் ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் கோமதிக்கு எந்தத் துன்பமும் நேரவில்லை, அதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் அவள் மாமனார் என்று. அந்த மாமனார் நான்தான். வக்கீல் வாசித்துக் காட்டினார், நான் தலையை ஆட்டினேன். ஆக, நான் கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறேன் என்பதில்தான் உங்கள் மகள் பாடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லப் போவது எனக்கே தெரியும் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

கல்யாணமான முதல் வருஷம் கோமதி கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தாளே, நினைவிருக்கிறதா? பூவும் பழமும் வாங்கி, போதாதென்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே பால்கோவாவும் வாங்கிக்கொண்டு கூப்பிட வந்தேன். கதவைத் திறந்தவுடன் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "என்ன சம்பந்தி, கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்கீக" என்றீர்கள். நானும் சிரித்தேன். சாயங்காலமே அவள் என்னோடு கிளம்பி வந்துவிட்டாள். எதற்காகக் கோபித்துக்கொண்டு வந்தாள் என்று நாம் இரண்டு பேரும் அன்றைக்குக் கேட்கவில்லை. நீங்களாவது தனியாகக் கேட்டீர்களா? எனக்குத் தெரியாது.

இந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை அதே பையோடு வந்தேன். சம்பந்தியம்மா காபி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கிளம்பும்போது பையை அப்படியே கையில் திருப்பிக் கொடுத்தார்கள். கோமதி உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான். எங்கள் தெருவில் யார் கேட்டாலும், "அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று சொல்லி வைத்தேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

போன புதன்கிழமை கோர்ட்டில் சமரசப் பேச்சு. பெரியவர்களையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசலில் நின்று பாடம் நடத்தினாள். "இன்னைக்கு கையோட கூட்டிட்டு வந்துருங்க. வீட்டுக்கு வீடு வாசப்படி. எவ வீட்லதான் சண்டை இல்ல? நீங்க தணிவாப் பேசுங்க, அவ கேப்பா." நானும் வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

பத்தரைக்கு உட்கார்ந்தோம். பதினோரு மணிக்கு ஓர் ஆள் வந்து, "சமரசம் பேசுற அம்மா லீவு, அடுத்த மாசம் வாய்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். பாலா யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் மரத்தடியில் நான், கோமதி, சம்பந்தியம்மா மூன்று பேரும் நின்றோம். வெயில் ஏறிவிட்டது. போய் வருகிறேன் என்று யார் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி களைப்பு.

கோமதியின் தோள்பையிலிருந்து ஒரு தோல்வார் வெளியே தொங்கியது. பேச்சு ஏதாவது வேண்டுமே என்று, "அது என்னம்மா?" என்று கேட்டேன்.

"அப்பாவோட பைனாகுலர், மாமா. கண்ணாடியில பூஞ்சை புடிச்சிருக்கு. துடைக்கக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

உங்கள் டெப்போ ஆட்கள் பணி ஓய்வன்று உங்களுக்குப் போட்ட மாலையை நீங்கள் அன்றே ஆணியில் மாட்டிவிட்டீர்கள். அவர்கள் கொடுத்த பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை. ஒவ்வொரு மார்கழியிலும் எனக்குப் போன் வரும். "சம்பந்தி, நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்க ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம். காலைல போனா சாயங்காலம் தறிக்கு வந்துரலாம். இமயமலைக்கு அங்கிட்டிருந்து வரித்தலை வாத்து வந்திருக்காம்." நான் என்ன சொல்வேன்? லோடு இருக்கிறது என்பேன். கரண்ட் இல்லாத நாளாகப் பார்ப்போம் என்பேன். ஒரு தடவை, "கொக்கு பாக்க நாங்குநேரி வரைக்கும் போகணுமாக்கும், எங்க தெருக் கடைசியிலயே நாலு நிக்கி" என்று கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கோபப்படவில்லை. அடுத்த மார்கழியிலும் கூப்பிட்டீர்கள்.

அந்த வாரைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "வாங்க, கூந்தன்குளம் போயிட்டு வருவோம்" என்றேன்.

"என்னைக்கு?" என்றார்கள் சம்பந்தியம்மா.

"இப்பத்தான்."

"கோர்ட்டுக்கு வந்த காலோடயா?" என்று கேட்டார்கள். பிறகு, "அவிய உசுரோட இருக்கையில எத்தனையோ தடவ கூப்பிட்டாவ. அடுப்ப விட்டு நான் நகரல. சரி, போவோம்" என்றார்கள். கோமதி வண்டியில் ஏறினாள்.

வண்டி அதே பழைய ஆம்னி வேன்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பண்டல் ஏற்றுகிற வண்டி. சம்பந்தியம்மா பின்னால் பேண்டேஜ் பண்டல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். "மெத்தையாட்டம் இருக்கு" என்றார்கள். ராஜபாளையத்தைத் தாண்டும்போது என் தெரு முனையில் நான் பிரேக்கைக் கூட மிதிக்கவில்லை. கோமதி ஜன்னலை ஏற்றிவிட்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சங்கரன்கோவில் போவதற்குள் வீட்டுக்காரி போன். "என்னாச்சு?" என்றாள். வண்டி ஓட்டுகிறேன் என்றேன். "அவ?" என்றாள். கோமதி வண்டியிலதான் இருக்கா என்றேன். "அப்பாடா" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சங்கரன்கோவிலில் சாப்பிட்டோம். திருநெல்வேலியைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகும்போது வண்டியில் ஏறிய பிறகு கோமதி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "கேஸ் முடிஞ்சிட்டா உங்கள நான் என்னன்னு கூப்பிட, மாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டாள்.  லாரி ஒன்று குறுக்கே வந்தது, அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

கூந்தன்குளத்துக்குள் நுழைந்தபோது மூன்று மணி இருக்கும். முதலில் வந்தது வாடைதான், சம்பந்தி. மீனும் எச்சமும் கலந்த வாடை. நீங்கள் அதை மட்டும் சொல்லவே இல்லையே. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில், ஓட்டுக்கூரை மேல் சாய்ந்த வேப்பமரத்தில், மரத்துக்கு இருபது கூடு. மஞ்சள் மூக்கும் ரோஸ் நிற வாலுமாக நாரைகள் மனிதனைச் சட்டையே செய்யாமல் நிற்கின்றன. கீழே ஒருத்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறாள். நெய்த துணியை உலரப் போட்டது போல மரம் முழுக்க வெள்ளை.

மோர் விற்ற அம்மாவிடம் சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே, "எப்படித்தான் இருக்கீகளோ" என்றார்கள்.

"எங்களுக்குப் பழகிட்டுக்கா. கொளத்து வண்டல அள்ளி வயல்ல போட்டா வேற உரமே வேண்டாம்" என்றார் அவர். "தீவாளிக்கு இங்க ஒரு வெடி போட மாட்டோம், தெரியுமா? சின்னப் பிள்ளையளும் கேக்காது."

"ஒரு நாள்தான? போட்டா என்ன, போயிட்டுத் திரும்பி வந்திராதா?" என்று நான் கேட்டேன்.

"வராதுய்யா. நம்பித்தான வீட்டு மரத்துல கூடு கட்டுது. ஒருக்கா வெருண்டு போச்சுன்னா அந்த மரத்துக்கு அது வராது. பொறவு மரம் போயிக் கூப்பிடவா முடியும்?"

நான் சிரித்துவிட்டேன். கோமதி சிரிக்கவில்லை. மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள்.

"தலையில கோடு போட்ட வாத்து இருக்கா?" என்று உங்கள் சார்பில் விசாரித்தேன். "அதுவா, போன வாரமே கெளம்பிட்டே" என்றார் மோர்க்கார அம்மா. ஒரு வாரம், சம்பந்தி. நீங்கள் கூப்பிட்ட அத்தனை மார்கழியும் அது இங்கேதான் இருந்திருக்கிறது. எல்லா வருஷமும் விட்டுவிட்டு இப்போது வந்து கேட்கிறவனுக்கு அது காத்துக்கொண்டா இருக்கும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்தக் கதைதான்.

பார்வைக் கோபுரத்தில் ஏறினோம். படிக்குப் படி நின்று நின்று ஏறினேன். மேலே போனால் குளம் முழுக்கத் தெரிகிறது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கின்றன. கரையில் கரண்டிவாயன் தண்ணீரை இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கிறது. நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கிறது. பேர் சொன்னதெல்லாம் கோமதி. நீங்கள் சொல்லிக் கொடுத்ததாம். பைனாகுலரை என்னிடம் கொடுத்தாள். எனக்கு ஒரே வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. "இருங்க மாமா" என்று வாங்கித் திருகினாள்.

அப்போதுதான் பார்த்தேன். பைனாகுலரை இரண்டு கையால் பிடிக்க அவளுக்கு வரவில்லை. அதைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் திருகினாள். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்தன. சுடிதார்க் கை மேலேறியிருந்தது. மணிக்கட்டுக்குக் குறுக்கே தழும்பு.

"அந்தக் கை என்னம்மா?" என்றேன்.

அவள் பைனாகுலரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்பத்தான் கேக்கீக, மாமா" என்றாள்.

சம்பந்தியம்மா கீழே மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டதால் மேலே நாங்கள் இருவர் மட்டும்தான். அவள் அழவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்ன, உங்க மகன் தள்ளிவிட்டதுல ஜன்னல் கம்பி கிழிச்சது. அதுக்கு முன்னயும் உண்டு, மாமா. அதெல்லாம் தெரியாத எடத்துல. இதுதான் வெளிய தெரிஞ்சது. நரம்பு அறுந்து போச்சு, அப்பவே காட்டியிருந்தா வெரல் மடங்கியிருக்கும்னு பொறவு டாக்டர் சொன்னாரு."

"கதவு இடுக்குல பட்டுட்டுன்னு சொன்னியேம்மா."

"அத்தை அப்படித்தான் சொல்லச் சொன்னாவ. ஆனா நீங்க வந்து கையப் புடிச்சு, தூக்கி, கட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தீக. மாமா கண்டுபுடிச்சிட்டாக, இனிமே கேப்பாகன்னு நெனச்சேன். ஒரு மாசம் அந்த நெனப்புலதான் இருந்தேன்."

சம்பந்தி, நான் எதைப் பார்த்தேன் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் இந்த ஊருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நான் துணியைப் பார்த்தேன். அந்தக் கட்டின் கரையில் ஓர் இழை விட்டுப் போயிருந்தது. எட்டாம் நம்பர் தறியில் அந்த வாரம் அப்படித்தான் ஓடியது. கழித்துப் போட்ட துணியை யாரோ வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தறியைப் பற்றி யோசித்தேன். நாற்பது வருஷத் தொழில் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். தொழிலா அப்படிச் செய்தது? கட்டைப் பார்த்தால் காயம் எங்கே என்று கேட்கத் தோன்றாதா மனிதனுக்கு?

அதோடு விட்டேனா? பொங்கலுக்கு முந்தின நாள் நீங்கள் மகளுக்குப் பொங்கல்படி கொண்டு வந்தீர்கள். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்புக் கட்டு. பஸ்ஸிலேயே கொண்டு வந்து இறக்கியிருந்தீர்கள். கோமதி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நீங்கள் செம்பை வாங்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமையாகச் சொன்னேன்: "பாத்தீகளா சம்பந்தி, நம்ம தறித் துணிதான். எம்புட்டு ரத்தம்னாலும் உறிஞ்சிரும்."

சொன்னேனா இல்லையா? சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்கு அந்தப் பார்வை இப்போதுதான் புரிகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, "சம்பந்தி, ஒரு வார்த்தை பேசணும்" என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் குரல் உயரக்கூடாது என்று நம் பக்கம் ஒரு முறை இருக்கிறதே, நாசமாய்ப் போன முறை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தறி ஓட ஆரம்பித்தது. "செத்த நேரம் இருங்க, வாரேன்" என்று தறிச் செட்டுக்குப் போனேன். பாவு நூல் அறுந்து கிடந்தது, முடிச்சுப் போட்டுவிட்டு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்து பார்த்தால் உங்கள் நாற்காலி காலி. "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாவ" என்றாள் என் வீட்டுக்காரி. சரி, போன் பண்ணுவார் என்று இருந்துவிட்டேன். நானாவது பண்ணியிருக்கலாம். அடுத்த மாதம் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

கோமதி தோள்பையிலிருந்து உங்கள் நோட்டை எடுத்தாள். வேலையில் இருந்தபோது எழுதிய ட்ரிப் ஷீட் மாதிரியே கட்டம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த நோட்டு. ஸ்டேஜ், ஏறியது, இறங்கியது. ஸ்டேஜ் என்ற இடத்தில் கண்மாய் பேர். தண்ணீரில் வந்து உட்கார்ந்த பறவை எல்லாம் இறங்கியது, பறந்து போனதெல்லாம் ஏறியது. பயணிகளுக்குப் போட்ட கணக்கை விடாமல் கொக்குக்கும் நாரைக்கும் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தைப் புரட்டி ஒரு நாளைக் காட்டினாள். அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற ரோட்டோரக் கண்மாய். பறவைப் பேர் ஒன்றும் இல்லை. இறங்கியது என்ற கட்டத்தில் மட்டும் 'நான்' என்று எழுதியிருந்தது.

"அன்னைக்கு அப்பா உங்க வீட்ல இருந்து கெளம்பி பாதியிலயே பஸ்ஸ விட்டு எறங்கிட்டாவ" என்றாள். "இருட்டுற வரைக்கும் கண்மாக்கரையில உக்காந்திருந்தாவளாம். அங்க இருந்து எனக்குப் போன் போட்டு, 'கோமு, வந்துரு'ன்னாவ. நான்தான் வரல. 'மாமா பாத்துட்டாகப்பா, மாமா கேப்பாக'ன்னு சொன்னேன்."

நான் அந்தக் கோபுரத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடத்தான் வந்திருந்தேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று வாய்க்குள்ளேயே இருந்தது. தணிவாகப் பேசினால் கேட்பாள் என்று சொல்லி அனுப்பிய பேச்சு. அதை விழுங்கினேன்.

"நான் கேக்கலயே, தாயி" என்றேன்.  மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவளும் பரவாயில்லை மாமா என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வெயில் தாழத் தாழப் பறவைகள் வரத் தொடங்கின. எங்கெங்கோ வயலிலும் குளத்திலும் இருந்து, வரிசை வரிசையாக, குஞ்சுகளுக்கு இரை எடுத்துக்கொண்டு. சம்பந்தியம்மா எப்படியோ மேலே ஏறி வந்துவிட்டார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். கோமதி பைனாகுலரை அவர்கள் கண்ணில் வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவிய இருந்தா ஒவ்வொண்ணுக்கும் விசில் குடுத்திருப்பாவ" என்றார்கள். அப்போதுதான் கோமதி அழுதாள். நானும் அழுதேன், சம்பந்தி. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

கிளம்புவதற்கு முன் கோமதி நோட்டில் எழுதினாள். கூந்தன்குளம் ஸ்டேஜ். இறங்கியது மூன்று பேர். பறவைகளின் பேரை எல்லாம் அதற்குக் கீழே வரிசையாக எழுதினாள். வரித்தலை வாத்து என்று எழுதி, ஏறியது என்ற கட்டத்தில் 'போன வாரம்' என்று போட்டாள்.

அவர்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். வீட்டில் என் வீட்டுக்காரி ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாயசம் வேறு. நான் மட்டும் இறங்கியதைப் பார்த்து, "எங்க அவ?" என்றாள்.

"அவ அம்மா வீட்ல. நான் கூப்பிடல. இனி கூப்பிட மாட்டேன்" என்றேன். ஆரத்தித் தட்டைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு இடுக்கு என்று சொல்லச் சொன்னது நீதானா என்று கேட்டேன். "எம் பிள்ளைய போலீஸ்ல புடிச்சுக் குடுக்கச் சொல்லுதீகளா?" என்றாள். அவளைச் சொல்லி என்ன? அவள் பார்த்துவிட்டு மறைத்தாள். நான் பார்க்கவே இல்லை. எது மோசம்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பாலாவை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் இல்லை என்றான். பிறகு, "கோவத்துல ஒரு தடவ" என்றான். ஒரு தடவை இல்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை என்று எழுதத்தான் இந்தக் கை வருகிறது, அப்பன் கை. ஆனால் அதை எழுதினால் மறுபடியும் துணியைப் பார்த்த கதைதான். வாய்தாவில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நாலு நாளாக அவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

இதை எல்லாம் அச்சடித்துச் சொந்தத்துக்குக் கொடுக்கலாமா என்று கோமதியிடம் போனில் கேட்டேன்.  "எழுதுங்க மாமா. எம் பேரையே போடுங்க. ஒளிச்சு ஒளிச்சு அலுத்துட்டு" என்றாள். அவளுக்கும் அலுப்புத்தான், சம்பந்தி.

ஆகவே நம் சொந்தங்களே, அந்தப் பிள்ளைக்கு வாய் நீளம் என்று நான் சொன்னது பொய். அவளுக்கு வாயே இல்லை. அதுதான் நடந்தது.

சம்பந்தி, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வாய்தாவில் எழுந்து நிற்பேன். கட்டைப் பார்த்தேன், காயத்தைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் விரல் மடங்கியிருக்கும், செய்தது என் மகன் என்று சொல்வேன். வக்கீல் என்ன எழுதிக் கொடுத்தாலும் தலையை ஆட்ட மாட்டேன். பூவும் பழமும் பால்கோவாவும் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு இனி வர மாட்டேன்.

ஆனால் வருகிற தையில் வருவேன். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்புக் கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பொங்கல்படி கொண்டு வருவேன். படி கொண்டு வருவது பெண்ணைப் பெற்ற வீட்டு முறை, மாமனார் கொண்டு வந்ததாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை என்று சொல்வார்கள். சொல்லட்டும். சம்பந்தியம்மா பையைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு அடுத்த தையில் மறுபடி வருவேன். நடமாட்டம் இருக்கிற வரைக்கும் ஒரு வருஷமும் தப்பாது.

மார்கழியில் கூந்தன்குளம் போகிறோம். வரித்தலை வாத்து வந்த வாரமே போகிறோம். நோட்டைக் கோமதி கொண்டு வருவாள்.

கேஸ் முடிந்தால் உங்களை என்னவென்று கூப்பிட என்று வண்டியில் கேட்டாளே, அதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் எழுதியிருக்கிறேன். அவளே படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தீர்ப்பு வரும் வரை உங்கள் சம்பந்தி,
அதற்குப் பிறகு உங்கள் தம்பி, கோமதியின் சித்தப்பா,
வேலுச்சாமி